குளச்சல் போர் நடக்காத உலகங்கள்: வரலாற்று கேம்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டம் தக்கலையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு மதியம் நாலைந்து பேர் லேப்டாப்போடு கூடுவோம். பக்கத்து வீட்டு பிளஸ் டூ பையன் முதல் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் வரை பலரும் எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். "இங்கிலாந்து எப்படி பிரான்ஸை ஆளுது?", "நம்ம ஊரு இதுல எங்க இருக்கு?" என்று திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். குளச்சல் பற்றிய பதில்தான் இருப்பதிலேயே நீளம். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கே: கிராண்ட் ஸ்ட்ராட்டஜி கேம் என்றால் என்ன? சாதாரண சண்டை கேம்தானா?

ஒரு சிப்பாயையோ ஒரு கோட்டையையோ அல்ல, ஒரு முழு நாட்டையே நூற்றாண்டுக் கணக்கில் நடத்தும் விளையாட்டு இது. வரி, கல்யாணம், கூட்டணி, மதம், கடன், கப்பல், கலகம் எல்லாம் உங்கள் பொறுப்பு. திரையில் பெரும்பாலும் ஒரு மேப்தான் தெரியும். இந்த வகையில் பெரிய பெயர் ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம். அவர்களுடைய க்ரூசேடர் கிங்ஸ் 3-ஐ 867, 1066, 1178 ஆகிய ஆண்டுகளில் ஒன்றிலிருந்து தொடங்கலாம். யூரோபா யுனிவர்சாலிஸ் 4 என்பது 1444 முதல் 1821 வரை. விக்டோரியா 3, 1836 முதல் 1936 வரை. ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4, இரண்டாம் உலகப் போர்க் காலம். 2025 நவம்பரில் வந்த யூரோபா 5, 1337-இல் தொடங்குகிறது. கீழே நான் "யூரோபா" என்று மட்டும் சொன்னால் அது நான்காம் பாகம். எங்கள் மாடியில் அதிக மணிநேரம் ஓடியது அதுதான்.

கே: ஒவ்வொரு தடவையும் வரலாறு வேறு மாதிரி போகுதே, கேமில் கோளாறா?

கோளாறு இல்லை. தொடக்க நாளின் எல்லைகளும் மன்னர்களும் வரலாற்றில் இருந்தபடியே இருக்கும். அடுத்த நாளிலிருந்து யாரும் எழுதி வைத்ததை நடிப்பதில்லை. நூற்றுக்கணக்கான நாடுகளை கணினி நடத்துகிறது. ஒவ்வொன்றும் தன் பக்கத்து வீட்டைப் பார்த்து முடிவெடுக்கிறது. போரில் பகடை உருள்கிறது, மன்னர்கள் எதிர்பாராத நேரத்தில் சாகிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் போதும்.

ஒரு உதாரணம். யூரோபா தொடங்கும் தேதி 1444 நவம்பர் 11. முந்தின நாள்தான் வார்னா போர் முடிந்தது, அதில் போலந்தின் இளம் மன்னர் மூன்றாம் வ்வாதிஸ்வாவ் இறந்துபோனார். ஆகவே கேம் திறக்கும்போது போலந்தின் அரியணை காலி. கொஞ்ச நாளில் போலந்திடம் ஒரு கேள்வி வரும்: இறந்தவரின் தம்பியான லித்துவேனியாவின் கசிமிரை அழைப்பதா, உள்ளூர் பிரபு ஒருவரை உட்கார வைப்பதா? உண்மையில் கசிமிர் 1447-இல் முடிசூடினார், போலந்தும் லித்துவேனியாவும் நூற்றாண்டுகளுக்குச் சேர்ந்தே இருந்தன. கேமில் உள்ளூர் பிரபு வந்துவிட்டால் அந்தப் பெரிய நாடே பிறக்காது. மாஸ்கோ, பிரஷ்யா, ஒட்டோமான் எல்லோருடைய கணக்கும் மாறிப்போகும். ஒரு கேள்விக்கு வந்த ஒரு பதிலால் நடந்தது அது. நூறு வருடம் கழித்து மேப்பைப் பார்க்கிறவருக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், கூடவே இருந்து பார்த்தவருக்குத் தெரியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. கேமைச் செய்தவர்கள் தராசை வரலாற்றின் பக்கம் கொஞ்சம் சாய்த்தே வைத்திருக்கிறார்கள். 'அதிர்ஷ்ட நாடுகள்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஒட்டோமான், காஸ்டில், பிரான்ஸ் போன்ற, நிஜத்தில் வென்ற நாடுகளை கணினி ஆடும்போது கூடுதல் பலம் கிடைக்கும். வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். அணைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், உலகம் இன்னும் தாறுமாறாகப் போகும்.

கே: நான் ஆடாமல் சும்மா பார்க்க முடியுமா?

முடியும். ஐரன்மேன் முறையில் (பழைய சேவுக்குத் திரும்ப முடியாத முறை) இல்லாதபோது, கட்டளைகளைத் தட்டும் கன்சோலைத் திறந்து பார்வையாளர் கட்டளையைக் கொடுத்தால், எல்லா நாட்டையும் கணினியே நடத்தும். இரவு சாப்பாட்டுக்கு முன் ஐந்தாம் வேகத்தில் ஓடவிட்டு, படுக்கும் முன் வந்து பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. பைசாந்தியம் பிழைத்துக் கிடக்கும். காஸ்டிலும் அரகோனும் கல்யாணம் பேசாமல் ஸ்பெயினே உருவாகாமல் போயிருக்கும். மிங் சீனம் ஏழெட்டுத் துண்டாகச் சிதறியிருக்கும். இங்கிலாந்து மன்னரே பிரான்ஸுக்கும் மன்னராக இருப்பார். நூறாண்டுப் போர் முடியாத நேரத்தில் கேம் தொடங்குவதால் அதற்கும் வழி இருக்கிறது.

கே: அண்ணே, குளச்சல் போர் கேம்ல வருமா?

வராது. ஏன் வராது என்று யோசித்தபோதுதான் அந்தப் போரை நான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேன்.

நடந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1741 ஆகஸ்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை குளச்சலில் டச்சு கிழக்கிந்திய கம்பெனியைத் தோற்கடித்தது. அங்கே பிடிபட்ட எஸ்தாக்கியுஸ் டிலனாய் என்ற அதிகாரி, பிறகு திருவிதாங்கூர் படையைப் பயிற்றுவித்து அதன் தலைவராகவே உயர்ந்தார். 'வலிய கப்பித்தான்' என்று அழைத்தார்கள். 1777-இல் இறந்து, தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கமானார். கல்லறையில் தமிழிலும் லத்தீனிலும் எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளாக நாங்கள் அங்கே சுற்றுலா போனபோது அதைப் பார்த்துவிட்டு புளியஞ்சோறு சாப்பிட்டு வந்தோம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

இப்போது யூரோபாவுக்கு வாருங்கள். அந்தப் போர் நடக்க முதலில் டச்சுக்காரர்கள் வேண்டும். 1444-இல் நெதர்லாந்து என்று ஒரு நாடு கிடையாது, அந்த நிலம் பர்கண்டி பிரபுவின் கையில் இருக்கிறது. நிஜத்தில் பர்கண்டியின் சார்லஸ் 1477 ஜனவரியில் நான்சிப் போரில் மகன் இல்லாமல் செத்தார். மகள் மேரி ஹாப்ஸ்பர்க் குடும்பத்தில் கல்யாணம் செய்தார். அப்படியே அந்த நிலம் ஸ்பெயின் மன்னர்களிடம் போனது. 1568-இல் டச்சுக் கலகம் வெடித்தது. 1602-இல் கம்பெனி பிறந்தது. 1663-இல் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தது. அதற்கு அப்புறம்தான் மிளகுக்காக வேணாட்டோடு (திருவிதாங்கூரின் பழைய பெயர்) உரசல்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் குளச்சல் இல்லை. கேமில் சார்லஸுக்கு ஒரு மகன் பிறந்துவிடுவான், அல்லது அவர் போருக்கே போகாமல் கிழவனாகச் சாவார். பர்கண்டி முழுசாக இருக்கும், இல்லையென்றால் பிரான்ஸ் அதை விழுங்கியிருக்கும். நான் ஓடவிட்ட பல உலகங்களில் நெதர்லாந்து பிறக்கவே இல்லை. குளிர்தேசத்து நான்சியில் ஒருவர் மகன் இல்லாமல் செத்ததற்கும் குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித் தூணுக்கும் உறவு இருக்கிறது என்று எனக்கு எந்தப் புத்தகமும் சொன்னதில்லை. மேப்தான் சொன்னது.

சரி, நெதர்லாந்து பிறந்துவிட்டது, வேணாடும் பிழைத்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வேணாடு ஜெயிப்பது கஷ்டம். கேமில் போர் பெரும்பாலும் படைப் பெருக்கம், தொழில்நுட்பம், தளபதியின் திறன் ஆகியவற்றின் கணக்கு. அதன்மேல் 0 முதல் 9 வரை ஒரு பகடை. நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். முற்றுகையின்போது டச்சு முகாமில் ஒரு வெடிமருந்துப் பீப்பாயில் குண்டு விழுந்து, கிளம்பிய தீயில் அவர்களுடைய அரிசி எரிந்துபோனது என்று பதிவு இருக்கிறது. சோறு இல்லாத படை எத்தனை நாள் நிற்கும்? ஜாவாவில் அப்போது நடந்துகொண்டிருந்த போரால் பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) உதவிப் படையும் வரவில்லை. ஆடி மாதக் கடல் வேறு. குளச்சல் மீனவர்களான முக்குவர்கள் துடுப்பைத் தோளில் வைத்து வரிசையாக நின்று, தூரத்துக் கப்பலுக்குத் துப்பாக்கிப் படைபோலக் காட்டினார்கள் என்று ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். பகடையில் ஒன்பது விழுவது என்றால் இதுதான்.

கைதி தளபதியாவதற்கு யூரோபாவில் வழியே இல்லை. க்ரூசேடர் கிங்ஸ் 3-இல் உண்டு: சிறையில் இருப்பவரை விடுவிக்கும்போது நம் அவையில் சேரச் சொல்லிக் கேட்கலாம், சேர்ந்தால் படைத்தலைமை கொடுக்கலாம். அங்கே எனக்கு அப்படி ஒரு கைதி கிடைத்தபோது அவர் பெயரை டிலனாய் என்று மாற்றி வைத்தேன்.

அடுத்தது 1750 ஜனவரி. மார்த்தாண்ட வர்மா நாட்டை முழுவதும் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, தான் பத்மநாபதாசனாக ஆளுகிறேன் என்றார். திருப்படிதானம் என்பார்கள். மன்னராட்சி, குடியரசு, மதகுருக்களின் ஆட்சி எல்லாம் கேமில் இருக்கிறது. தெய்வமே அரசன், மனிதன் காரியஸ்தன் என்ற ஆட்சிமுறை இல்லை. ஒரு சின்ன நாடு ஐரோப்பிய கம்பெனியைத் தோற்கடித்து, தோற்ற அதிகாரியைத் தன் தளபதியாக்கி, பிறகு நாட்டைச் சாமிக்கு எழுதிவைத்தது என்று யாராவது தன் கேம் கதையாகச் சொல்லியிருந்தால், ஏதோ மோட் (கேமின் விதிகளை மாற்றும் இணைப்பு) போட்டு ஆடியிருக்கிறார் என்றே நான் நினைத்திருப்பேன். அந்தக் கோட்டை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம்.

கே: அப்போ வேணாட்டை எடுத்து ஆம்ஸ்டர்டாம் வரை போக முடியுமா?

முடியும், போயிருக்கிறேன். காரணமும் இருக்கிறது. இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹோஃப் படையெடுப்பேன் என்று மிரட்டியபோது, அப்படி வந்தால் தோற்கடிப்பேன், ஐரோப்பாமீது படையெடுப்பதைப் பற்றியும் யோசிப்பேன் என்ற பொருளில் மார்த்தாண்ட வர்மா பதில் சொன்னதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்தப் பதிலை நிறைவேற்றிப் பார்க்க வேண்டும் என்று ஒரு மழைக்காலம் முழுக்க ஆடினேன்.

1444-இல் வேணாடு, கொச்சி, கோழிக்கோடு எல்லாம் தனித்தனி நாடுகள். கிழக்கே மலைபோல விஜயநகரப் பேரரசு. முதல் முப்பது வருடம் விஜயநகரத்தோடு கூட்டணி போட்டுக்கொண்டு வடக்கே கொச்சியையும் கோழிக்கோட்டையும் சேருங்கள். மிளகு உங்கள் கைக்கு வரும். விஜயநகரமும் தக்காணத்துப் பாமினி சுல்தானகமும் மோதி இரண்டும் களைத்திருக்கும் நேரத்தில் மட்டும் கிழக்கே திரும்புங்கள். இலங்கையின் கோட்டே ராஜ்யத்தைச் சீக்கிரம் பிடியுங்கள், இலவங்கப்பட்டைக்காக மட்டுமல்ல, அங்கே போர்த்துகீசியர் காலூன்றிவிட்டால் பிறகு எடுப்பது சிரமம்.

துப்பாக்கி விஷயத்தில் ஒரு குறிப்பு. 2016 வரை யூரோபாவில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தொழில்நுட்ப வேகம் நிரந்தரமாக இருந்தது. இந்திய நாடு எதை எடுத்தாலும் ஐரோப்பியரைவிட மெதுவாகத்தான் வளரும், 'மேற்கத்தியமாகிக்' கொண்டால்தான் விடிவு. அந்த ஆண்டு வந்த 1.18 பேட்ச் (கேமின் திருத்தப் பதிப்பு) அதை எடுத்துவிட்டு, மறுமலர்ச்சி, காலனியம், அச்சு இயந்திரம் என்று காலத்துக்குக் காலம் பரவும் புதுமைகளை வைத்தது. பணம் கொடுத்து ஏற்றுக்கொண்டால் யாரும் சமமாக நிற்கலாம். டிலனாயின் பீரங்கிப் பட்டறையை அறிந்தவர்களுக்கு இரண்டாவது விதிதான் உண்மைக்குப் பக்கம் என்று தோன்றும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

வணிகத்தில் மட்டும் கேம் விட்டுக்கொடுக்காது. அதன் உள்கோப்புகளில் நம் பகுதி வணிக மையத்துக்குப் பெயரே 'கொமோரின் கேப்', அதாவது குமரி முனை. முதன்முதலில் அதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. ஆனால் பணம் ஓடும் திசை முன்கூட்டியே வரைந்து வைத்தது. எல்லா ஓடையும் கடைசியில் வெனிஸ், ஜெனோவா, இங்கிலீஷ் கால்வாய் என்ற மூன்று இடத்தில்தான் விழும். ஆம்ஸ்டர்டாமில் வேணாட்டுக் கொடி பறந்தாலும் ஐரோப்பாவின் செல்வத்தைக் குமரிக்குத் திருப்ப முடியாது. ரோமாபுரித் தங்கம் மிளகுக்காக நம் கரைக்கு வந்த கதை சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. கேமுக்கு அது தெரியவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

கே: ஒட்டோமான் மட்டும் ஏன் எப்பவும் பெரிசாகுது?

அதிர்ஷ்ட நாடு, சுற்றிலும் சின்னச் சின்ன அரசுகள், தொடக்கத்திலேயே நல்ல படை. பக்கத்தில் சாகக் கிடக்கும் பைசாந்தியம். அவர்களை முதல் ஐம்பது வருடத்தில் தடுத்தால்தான் உண்டு.

கே: விஜயநகரம் வீழ்வதே இல்லையே? முகலாயரையும் காணோமே?

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. கேம் தனிமனிதர்களைப் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை, நாடுகளைத்தான் எடுக்கிறது. 1444-இல் தைமூர் வம்சத்து ஷாருக் ஹெராத்தில் ஆள்கிறார். அவருடைய தூதர் அப்துர் ரசாக் அதற்கு முந்தின ஆண்டுதான் கோழிக்கோடு வழியாக விஜயநகரம் வந்து இரண்டாம் தேவராயரைப் பார்த்தார். ஷாருக் இறந்ததும் அவருடைய நாடு பெரும்பாலும் சிதறும். அந்தச் சிதறலில் ஃபெர்கானாவில் பன்னிரண்டு வயதில் அரசனான பாபர் என்ற ஒரு பையன் வர வேண்டும், தோற்றுத் தோற்றுத் தெற்கே தள்ளப்பட்டு 1526-இல் பானிபட்டுக்கு வந்து நிற்க வேண்டும். இதை எந்த விதியாலும் எழுத முடியாது. ஆகவே பல ஆட்டங்களில் டெல்லியோ ஜான்பூரோ வடக்கைப் பிடித்துக்கொள்ளும், முகலாயர் வராமலே கேம் முடியும்.

விஜயநகரக் கதையும் அப்படித்தான். 1565 ஜனவரியில் தலைக்கோட்டையில் அதை வீழ்த்தியது ஒரு நாடல்ல, தக்காண சுல்தான்களின் கூட்டணி. அந்த சுல்தான்கள் பாமினி உடைந்ததால் வந்தவர்கள். கேமில் பாமினி உடைவது அபூர்வம், ஒன்று முழுசாக நிற்கும், அல்லது விஜயநகரமே தின்றுவிடும். எதிரி உடையாததால் இவர்கள் வீழவில்லை என்பது வினோதமாக இருந்தாலும் யோசிக்க யோசிக்கச் சரியாகவே படுகிறது. விஜயநகரம் வீழாவிட்டால் மதுரை நாயக்கர்கள் தனியாக நின்றிருக்க மாட்டார்கள், நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு அவர்களுடைய படை வந்திருக்காது. நம் பாட்டிமார் கதைகளிலிருந்தே பல காணாமல் போயிருக்கும்.

கே: க்ரூசேடர் கிங்ஸில் சோழ அரசு சம்பந்தமில்லாத ஒருத்தர் கைக்குப் போயிடுச்சு. இது நியாயமா?

நியாயம் மட்டுமல்ல, நடந்தது. 1066-இல் தொடங்கினால் சோழ நாட்டில் வீரராஜேந்திரர் காலம். நிஜத்தில் அவருக்குப் பின் வந்த அதிராஜேந்திரர் சில மாதங்களிலேயே கொல்லப்பட்டார். 1070-இல் அரியணை ஏறியவர் வேங்கியின் கீழைச் சாளுக்கிய இளவரசர். தந்தை வழியில் சாளுக்கியர், தாய் வழியில் முதலாம் ராஜேந்திரரின் பேரன். அவர்தான் முதலாம் குலோத்துங்கன், அரை நூற்றாண்டு ஆண்டார். மகளைக் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து பேரன் வந்து நாட்டை எடுப்பதுதான் இந்த கேமின் உயிரே. யார் யாரைக் கட்டியது என்ற கணக்கு வைத்து விளையாடுவதில் நம் அத்தைமார் யாரையும் நான் எதிர்த்து ஆட மாட்டேன், அவர்கள் மூன்று தலைமுறை உறவை நினைவிலேயே வைத்திருப்பவர்கள்.

இதை ஒட்டி ஒரு கேள்வி எங்கள் பக்கத்தில் மட்டும் வரும்: மருமக்கத்தாயம் வைக்க முடியுமா? வேணாட்டில் மாமாவுக்குப் பின் சகோதரியின் மகன்தான் அரசன், மார்த்தாண்ட வர்மா ராம வர்மாவின் மருமகன்தான். மாமாவின் மகன்கள் அதை எதிர்த்ததால்தான் அத்தனை உள்நாட்டுச் சண்டை. கேமின் வாரிசு விதிகள் பெற்ற பிள்ளையைச் சுற்றியே இருக்கின்றன. ஆனால் ஒரு வழி இருக்கிறது. குடும்பப் பெண்களுக்குத் தாய்வழித் திருமணம் முடியுங்கள், பிள்ளைகள் தாய் வீட்டின் பெயரைப் பெறுவார்கள். அதோடு, வீட்டில் மூத்தவருக்கே அரியணை என்ற விதி கிடைக்கும்போது அதை எடுங்கள். சில தலைமுறையில் மாமாவிடமிருந்து மருமகனுக்கு நாடு போகத் தொடங்கும். அச்சு அசலாக வராது, பக்கத்தில் வரும்.

கே: குதிரையை அமைச்சர் ஆக்கலாம், அஸ்டெக்குகள் ஐரோப்பாவுக்கு வருவார்கள் என்கிறார்களே?

இரண்டும் க்ரூசேடர் கிங்ஸ் 2-இல் உண்மை. புத்தி பேதலித்த மன்னரின் அவையில் கிளிட்டர்ஹூஃப் என்ற குதிரை அமைச்சராகும். அஸ்டெக் படையெடுப்பு 2012-இல் தனியாக விற்ற ஒரு இணைப்பு. இவை வேண்டுமென்றே வைத்த வேடிக்கைகள். போலந்து, பர்கண்டி மாதிரித் தானாக விளைந்த விசித்திரத்தோடு இவற்றைச் சேர்க்க மாட்டேன்.

கே: காந்தி அணுகுண்டு போடுவார் என்பது பழைய பிழையால் வந்ததாமே?

அது சிவிலைசேஷன் என்ற வேறு வகை கேம். 1991-இல் வந்த முதல் பாகத்தில் காந்தியின் ஆக்ரோஷ எண் 1 என்றும், ஜனநாயகத்துக்கு மாறும்போது அதில் 2 குறைந்து, பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாமல் 255-க்குச் சுற்றிக்கொண்டது என்றும் ஒரு கதை உலகம் முழுக்கப் பரவியது. கேமை உருவாக்கிய சிட் மெயர் 2020-இல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை என்று எழுதிவிட்டார். 2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் வேடிக்கைக்காகக் காந்திக்கு அணுகுண்டு ஆசையை அதிகமாக்கினார்கள் என்பது மட்டும் உண்மை. ஆகவே பிழையிலிருந்து கதை வரவில்லை, அந்த வேடிக்கைக்கு அப்புறம்தான் பிழைக் கதை பரவியது.

கே: என் மேப் ரொம்ப அசிங்கமா இருக்கு. துண்டு துண்டா நாடு. இப்படி நிஜத்துல இருக்குமா?

இதை நம் மாவட்டத்துக்காரர் கேட்கக் கூடாது. கேம்காரர்கள் சிதறிய எல்லைகளைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். திருவிதாங்கூருக்குள்ளேயே அஞ்சுதெங்கும் தங்கசேரியும் ஆங்கிலேயர் நேரடியாக வைத்திருந்த துண்டுகள். புதுச்சேரியின் மாஹி கேரளக் கரையில் இருக்கிறது, ஏனாம் ஆந்திரத்தில். 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்காக மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தையும், 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களையும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் குரல் தாழ்த்தித்தான் பேசுவார்கள். நாலு தாலுகாவும் வந்தது, ஆனால் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. மேப்பில் ஒரு புள்ளிதான், போய்ப் பார்க்க டிக்கெட் எடுத்தால் புரியும். உங்கள் மேப் அப்படியொன்றும் அசிங்கம் இல்லை.

கே: 1947-இல் திருவிதாங்கூர் தனி நாடாகியிருந்தால்? அதற்கு கேம் உண்டா?

அதற்குச் சரியான கேம் எதையும் நான் பார்த்ததில்லை. திவான் சி.பி. ராமசாமி ஐயர் 1947 ஜூன் 11-இல் திருவிதாங்கூர் சுதந்திர நாடாகும் என்று அறிவித்தார். ஜூலை 25-இல் ஒரு விழாவில் அவரை வெட்டினார்கள், உயிர் பிழைத்தார். ஒரு வாரத்துக்குள் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்னில் தொழிற்சாலையும் படைப்பிரிவும்தான் பேசும். ஒரு விழா மேடையில் நடந்த தாக்குதல் ஒரு நாட்டின் முடிவை மாற்றியதை அது எப்படிப் பிடிக்கும்?

கே: பிள்ளைகள் தப்பான வரலாற்றைப் படித்துவிட மாட்டார்களா?

இதைக் கேட்டவர் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருக்கு நான் சொன்ன அனுபவம் இது. யூரோபா 5 தொடங்கும் 1337 மேப்பில் மதுரையில் சுல்தான் ஆட்சி. பிளஸ் டூ பையன் அதைப் பார்த்துவிட்டு, "இது கேம்காரன் இட்டுக்கட்டுனது, மதுரைல ஏது சுல்தான்?" என்றான். 1335-இல் ஜலாலுத்தீன் அஹ்சன் கான் டெல்லியிடமிருந்து பிரிந்து மதுரையில் தனி ஆட்சி அமைத்ததையும், பயணி இப்ன் பதூதா அவருடைய மகளைக் கட்டியவர் என்பதையும் சொன்னபோது அவன் நம்பவில்லை. மறுநாள் தானாகவே தேடிப் படித்துவிட்டு வந்தான். பொய்யை உண்மை என்று நம்புவார்கள் என்றுதான் பயந்தேன், உண்மையைப் பொய் என்று நினைப்பதும் நடக்கிறது.

ஆசிரியரின் பயம் வேறொரு இடத்தில் முழுக்கச் சரி. மேப்பில் ஒரு நிறம் பரவும்போது அதன் அடியில் இருந்த மனிதர்கள் தெரிவதில்லை. யூரோபாவில் புது நிலத்தில் குடியேறும்போது 'பூர்வகுடிகளைத் தாக்கு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ஒரு எண் குறையும், பிறகு குடியேற்றத்துக்குத் தொல்லை இருக்காது. அவ்வளவு லேசாக அது முடிகிறது. எங்கள் மாடியில் சின்னப் பிள்ளைகள் ஆடும்போது அந்தப் பொத்தானுக்கு வந்ததும் நான் கேமை நிறுத்திவிட்டு, அந்த எண் யார் என்று சொல்லுவேன். சலித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

கே: தமிழில் விளையாட முடியுமா?

பாரடாக்ஸ் தன் கேம்களைத் தமிழில் வெளியிடவில்லை. ஊர்ப்பெயர்களை மட்டும் மோட் மூலம் நாமே மாற்றிக்கொள்ளலாம், கோப்புகள் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். குமரிக் கரையைப் பிழையில்லாத பெயர்களோடு பார்க்க ஆசைப்பட்டு நாங்கள் தொடங்கியிருக்கிறோம். முதலில் தமிழ் எழுத்துரு ஒழுங்காகத் தெரிய வேண்டும், உயிர்மெய்க் குறிகள் இடம் மாறி நிற்கின்றன. இப்போதைக்கு ஆங்கில எழுத்திலேயே திருத்துகிறோம்.

கே: மழையில் கரண்ட் போய் சேவ் கெட்டுப்போச்சு. என்ன செய்வது?

ஆனி, ஆடி மாதங்களில் இங்கே இதுதான் பெரிய எதிரி. தானாகச் சேமிக்கும் இடைவெளியைக் குறைத்து வையுங்கள். ஐரன்மேன் முறையில் ஒரே ஒரு கோப்புதான் இருக்கும், அது கெட்டால் எல்லாம் போச்சு. கேமை மூடியபின் அந்தக் கோப்பை வேறு ஃபோல்டரில் பிரதி எடுத்து வைக்கலாம். என் வேணாடு 1690-இல் அப்படித்தான் ஒரு இடியில் போனது, மறுபடி முதலிலிருந்து ஆடினேன்.

கே: அந்த ஆம்ஸ்டர்டாம் சேவ் கிடைக்குமா?

கிடைக்கும். ஞாயிறு மூன்று மணிக்கு மேல் பென் டிரைவோடு வாருங்கள். நான் ஆடிய அதே பேட்ச் உங்களிடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் திறக்காது, திறந்தாலும் பாதி நாடு குழம்பியிருக்கும். கேம் வாங்கும் தளமான ஸ்டீமில் கேமின் பீட்டா பகுதியில் பழைய பேட்ச்சைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த எண் என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.